சீனிக் கோபுரத்துக்கு வந்த நாலாவது விமர்சனம்

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எண்ணிப் பதினொரு பேர். அதைப் பற்றி நியாயம் சொல்லத் தெரிந்தவர்களோ ஊர் முழுக்க இருந்தார்கள். பர்வதவர்த்தினிக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. தன் குசினியைப் பற்றி இவ்வளவு பேர் கதைப்பார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை, கதைத்தபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. நாலாவது விமர்சனம் வந்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் அந்தப் பெருமை நின்றது.

படத்தின் பெயர் ‘சீனிக் கோபுரம்’. ஒன்றேகால் மணித்தியாலம் ஓடுகிற ஆவணப்படம். எடுத்தவள் கஜனி. பாரிசில் பிறந்து வளர்ந்தவள், தாய்வழியில் இறுப்பிட்டிக்காரி. மூன்று வருசத்துக்கு முன்னர் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கென்று ஊருக்கு வந்து, அங்கே மேடையில் நின்ற ஏழு தட்டுக் கேக்கைக் கண்டு திகைத்துப் போனாள். தாமரைக் குளம், அதில் அன்னம், அன்னத்தின் வாயில் ஒரு நூல் மணிமாலை, எல்லாம் சீனி. இதைச் செய்தது யார் என்று கேட்டாள். கோயில் ஐயாவின் மனைவி என்றார்கள். அடுத்த வருசம் கமராவோடு வந்து நாலு மாதம் இருந்து விட்டாள்.

பர்வதவர்த்தினியின் கேக்குக்குத் தீவுப்பகுதி முழுக்கப் பெயர் இருந்ததற்கு அன்னமும் தாமரையும் மட்டும் காரணமில்லை. அவள் முட்டை போடமாட்டாள். தயிரும் தகர ரின்னில் வருகிற பாலும் சேர்த்தே மாவைப் பொங்க வைப்பாள். அதனால் விரதக்காரர், மரக்கறிச் சாப்பாட்டுக்காரர், கோயில் வீட்டார் என்று கேக் மேசைக்குக் கிட்டப் போகாமல் இருந்தவர்களெல்லாம் ‘ஐயரம்மாவின் கேக்’ என்றால் தட்டை நீட்டினார்கள். நெடுந்தீவிலிருந்து வந்து, குறிகட்டுவான் துறையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வள்ளம் ஏறினவர்களும் உண்டு.

படத்தின் நடுநாயகம் அவளுடைய கணவர் வாமதேவக் குருக்களின் மணிவிழா. ஊர்ப் பிள்ளையார் கோயிலில் முப்பத்தொரு வருசமாகப் பூசை செய்கிறவர். அவருடைய அறுபதாவது வயதுக்கு ஊரே கூடி எடுத்த விழாவுக்கு, கோயிலின் ஐந்து தட்டுக் கோபுரத்தை அப்படியே நாலடி உயரத்தில் சீனியில் எழுப்பினாள் பர்வதவர்த்தினி. நூற்றுச் சொச்சம் பொம்மைகள். துவாரபாலகரின் மீசை கூடத் தெரியும். கஜனியின் கமரா அந்த வேலையை ஐந்து கிழமை இருந்து பார்த்தது.

சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் இந்தத் தீவில் சீனி வேலை செய்வது எவருக்கும் வேண்டாம் என்று சொல்லக்கூடிய வேலை. கடற்காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்து வரும். காலையில் நிமிர்ந்து நின்ற இதழ் மத்தியானம் வியர்த்து, பின்னேரம் தலை தொங்கும். கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர் என்பதால் பவுசர் வண்டியில் வருகிற நல்ல தண்ணீரையே சீனிக்கு எடுப்பாள். யன்னல்களுக்கு ஈரச்சாக்குக் கட்டாமல் காய்ந்த சாக்கே கட்டுவாள். அப்படியிருந்தும் ஏழு வருசத்துக்கு முன்னர்வரை ஒரு சாண் உயரத்துக்கு மேலே அவளால் எதையும் நிறுத்த முடிந்ததில்லை. நிறுத்தியது ஒரு தூள். ஊர்காவற்றுறையில் கேக் சாமான் விற்கிற அல்போன்சம்மா கொடுத்தது. சுடுதண்ணீரில் கரைத்து ஐசிங் சீனியோடு பிசைந்தால் சீனி தோல் மாதிரி வளையும், காய்ந்தால் ஓடு மாதிரி நிற்கும்.

முதல் விமர்சனம் பாரிசுப் பத்திரிகையொன்றில் வந்தது. கஜனி அதைத் தமிழில் எழுதி அனுப்ப, மகள் சர்மிதா போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்று வாசித்தாள். அந்நாட்டின் பெரிய இனிப்புக் கலைஞர்களைப் பற்றி எத்தனையோ படம் வந்திருக்கிறது, ஆனால் மண்ணெண்ணெய் அடுப்பும் பழைய சவர அலகும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு ஆடம்பரத்தை எழுப்புகிற கையை இதுவரை கண்டதில்லை என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவதாக ரொறன்ரோ வானொலியில் கதைத்தவருக்குப் படம் பிடித்தது, ஆனால் கடலைக் காட்டுவது கூடிப்போயிற்றாம். அதைக் கேட்டு வெளி விறாந்தையில் தர்ப்பை முடைந்து கொண்டிருந்த குருக்கள், தீவைப் படம் பிடிக்கப் போனவள் கடலை எங்கே கொண்டு போய் ஒளிக்கிறது என்று கேட்டுச் சிரித்தார். மூன்றாவது, கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை. நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் நாலடிக்குச் சீனி அடுக்குவதைக் கமரா கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று அது கண்டித்திருந்தது. பர்வதவர்த்தினிக்குக் கோபம் வந்தது. பிறகு, அதிலும் நியாயம் இருக்கிறது என்று குருக்கள் சொல்ல, அவரோடு அரை நாள் கதைக்காமல் இருந்தாள்.

நாலாவதை எழுதியவர் ஆரூரன். இறுப்பிட்டிக்காரர்தான். சுவிசில் இருந்துகொண்டு இணையச் சஞ்சிகையில் எழுதுகிறவர். நீளமான கட்டுரை, ஒவ்வொரு காட்சியாக எடுத்துப் புகழ்ந்திருந்தார். சர்மிதா உற்சாகமாக வாசித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். வாசி பிள்ளை என்றாள் தாய். சர்மிதா வாசிக்கவில்லை. போனைத் தாயிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் குசினித் தட்டில் ஒரு பெட்டி தெரிகிறது, அதன் எழுத்துகளைக் கமரா மறைக்கவில்லை, அதுவே இந்தப் படத்தின் நேர்மை என்று ஆரூரன் எழுதியிருந்தார். பெட்டியில் இருப்பது ஜெலட்டின், மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. முட்டை தொடாத ஒரு குருக்கள் வீட்டுக் குசினியில் பிள்ளையார் கோபுரம் மாட்டெலும்பில் எழுந்து நிற்கிறது, இதைவிடப் பெரிய முரணை எந்தக் கதாசிரியனும் யோசித்திருக்க முடியாது. இவ்வளவும் அவர் பாராட்டாகவே எழுதியது.

பர்வதவர்த்தினி அந்தப் பந்தியை மூன்று தரம் வாசித்தாள். பிறகு கையைக் கழுவினாள். கழுவிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் கழுவினாள்.

அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். பெட்டியில் ஜெலட்டின் என்று போட்டிருந்ததை ஏழு வருசமாக வாசித்தவள்தான். ஆனால் அது கடற்பாசித் தூளின் இங்கிலிசுப் பெயர் என்று நினைத்திருந்தாள். நாலு பக்கமும் கடல். கரையில் பாசி ஒதுங்குகிற ஊரில், காய்ச்சினால் இறுகுகிற ஒன்று வேறு எங்கிருந்து வரும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. முதல் பெட்டி வாங்கின அன்றைக்கே கடற்பாசி ஆகுமோ என்று கணவரிடம் கேட்டுமிருந்தாள். பாசி தாவரம்தானே என்று அவரும் சொல்லிவிட்டார்.

ஆரூரனின் ஒன்பது பக்கத்தையும் ஊரில் எவரும் வாசிக்கவில்லை. அந்தப் பந்தியை மட்டும் யாரோ போனில் படமாகப் பிடித்து அனுப்ப, பொழுது படுவதற்குள் அது புங்குடுதீவைச் சுற்றி, வேலணை தாண்டி, லண்டனுக்கும் போய்த் திரும்பி வந்தது. சனிக்கிழமை காலை கோயிலில் கொடியேற்றம். இன்னும் நாலு நாள். கொடியேற்றத்தன்று குருக்கள் மணிக்கட்டில் காப்புக் கட்டினால் தீர்த்தம் முடியும்வரை பத்து நாளும் அவர் கோயில் எல்லையை விட்டுப் போகக்கூடாது, ஒரு தீட்டும் அவரைத் தொடக்கூடாது. அப்படிப்பட்ட கையில் மாட்டெலும்புக் கேக் சாப்பிட்ட மனுசன் காப்புக் கட்டலாமா என்று புதன்கிழமை விடியவே கேள்வி கிளம்பிவிட்டது.

கேட்டவர்களில் கணவாயும் நண்டும் குறையாமல் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் கோபம் கூட. அது ஏனென்றால், அவர்களும் மாடு மட்டும் தொட்டதில்லை. சாமத்திய வீடு, கலியாண வீடு, புதுவீடு குடிபூரல், பிறந்தநாள் என்று ஏழு வருசமாக இந்தத் தீவில் அவளின் சீனிப் பூவை வாயில் போடாத ஆள் இல்லை. மணிவிழாவில் கோபுரத்தை உடைத்துப் பிரசாதம் மாதிரி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். கலசத்தைக் குருக்களுக்குக் கொடுத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டு அதைச் சாப்பிடுவதும் படத்தில் இருக்கிறது.

புதன் பின்னேரம் கோயில் பரிபாலன சபை கூடியது. பெரிய தர்க்கம் நடந்ததாம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஐயரம்மா ஒரு மறுப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரவேண்டும்: தான் ஜெலட்டின் பாவிப்பதில்லை, அந்தப் பெட்டி படம் எடுத்தவள் காட்சிக்காகக் கொண்டுவந்து வைத்தது. கடிதம் வந்தால் வாமதேவக் குருக்களே காப்புக் கட்டலாம். வராவிட்டால் நயினாதீவில் பூசை செய்கிற அவருடைய தமக்கை மகன் வாகீசனைக் கூப்பிடுவது, அதற்குப் பிறகு குருக்களைப் பற்றி யோசிப்பது. வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் தவணை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னவள் சர்மிதா. குருக்கள் சந்தியாவந்தனம் முடித்து, புட்டும் வாழைக்காய்ப் பொரியலும் சாப்பிட்டு, கையலம்பிக்கொண்டு போய்த் தன் கதிரையில் இருந்தார். மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கத்தியிருந்தால் பர்வதவர்த்தினிக்குச் சுகமாக இருந்திருக்கும். இருபத்தாறு வருசத்துத் தாம்பத்தியத்தில் அவர் இப்படிப் பேசாமல் இருந்து அவள் கண்டதில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்றும் அவளுக்கு விளங்கவில்லை.

வியாழன் காலை அவள் பஸ் எடுத்து வேலணையில் இறங்கி, அங்கிருந்து மற்ற பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போனாள். பாலத்தில் காற்று யன்னலால் மணலையும் உப்பையும் வாரி அடித்தது. பக்கத்தில் இருந்த மனுசி அவளை அடையாளம் கண்டு, முன்னுக்கு இடம் இருக்கென்று எழும்பிப் போய்விட்டாள். முன்னுக்கு இடம் இருக்கவில்லை. அந்த மனுசி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.

அல்போன்சம்மா கடையைத் திறந்து தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுபது வயதிருக்கும். நத்தார்ப் பண்டிகைக் கேக்குக்கு ஐசிங் பண்ணப் பாதித் தீவுக்குப் பழக்கிவிட்டவள் அவள்தான். பர்வதவர்த்தினியைக் கண்டதும் கதவை அரைவாசி சாத்திவிட்டு உள்ளே கூட்டிப்போய் இருத்தினாள். அவளுக்கும் அந்தப் பந்தி வந்திருந்தது.

“அது உண்மையோ அக்கா?”

“பெட்டியிலை எழுதிக் கிடந்ததுதானே ஐயரம்மா. நீங்கள் படிச்சனீங்கள். தெரிஞ்சுதான் வாங்கிறியள் எண்டு நினைச்சனான்.”

“நான் கடற்பாசி எண்டெல்லே நினைச்சனான்.”

அல்போன்சம்மா நெற்றியில் கைவைத்தாள். “நீங்கள் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. உங்கடை வீட்டிலை எது ஆகும், எது ஆகாது எண்டு நான் கேக்கிறது மரியாதையில்லை எண்டு விட்டிட்டன்.” கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஆரும் வந்து கேட்டா, கடற்பாசித் தூளைத்தான் பெட்டியிலை போட்டுக் குடுத்தனான் எண்டு சொல்லுறன். என்ரை கடை, என்ரை வாய். மாதா என்னை மன்னிப்பா.”

எழுபது வயதில், நாள்தோறும் பூசைக்குப் போகிற மனுசி, தனக்காகப் பொய் சொல்லத் துணிந்து நிற்பதைப் பார்க்கப் பர்வதவர்த்தினிக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அவள் தன்னோடு நேராகக் கதைத்தாள். கடற்பாசியை அவள் அறியாதவளா? சின்ன வயதிலிருந்து காய்ச்சினவள். பாசி ஆறினால் வெடுக்கென்று உடையும். இந்தத் தூள் உடைவதில்லை, இழுத்தால் வரும். சுடுதண்ணீரில் விட்டதும் ஒரு மெல்லிய வாடை எழும்பும், அதை அவள் ஏலக்காய் போட்டு அமத்துவாள். இது பாசியில்லை என்று கைக்கு முதல் நாளே தெரியும். வாய்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சாண் உயரத்துக்கே திரும்பிப் போயிருக்க வேண்டும். கேட்காததால் கோபுரம் நின்றது. அவளுக்குத் தன்னில் வெட்கமாக இருந்தது. அது ஆரூரன் எழுதியதால் வந்த வெட்கத்தை விடப் பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு வர, கஜனி பாரிசிலிருந்து ஐந்தாறு தரம் போன் எடுத்திருந்ததாகச் சர்மிதா சொன்னாள். படம் அடுத்த மாதம் பெரிய விழாவொன்றின் கடைசிச் சுற்றில் இருக்கிறது. பெட்டி காட்சிக்காக வைத்ததென்று ஒரு கடிதம் வெளியே வந்தால் பிறகு அது ஆவணப்படமே இல்லை, கஜனியை எவரும் நம்பப்போவதில்லை. இதை எல்லாம் சர்மிதாவுக்கு விளங்கப்படுத்திய கஜனி, பர்வதவர்த்தினியோடு கதைத்தபோது வேறு கதைத்தாள்.

“அன்ரி, நீங்கள் கையெழுத்து வையுங்கோ. நான்தான் பெட்டியை வைச்சனான் எண்டு நானும் சொல்லுறன். நாலு மாதம் உங்கடை கையாலை சாப்பிட்டனான். ஐயா கொடியேத்தாமல் விட்டு எனக்கு ஒரு பரிசும் வேண்டாம்.”

பர்வதவர்த்தினி, நீ உன் வேலையைப் பார், ஒன்றுக்கும் பயப்படாதே என்று என்னவோ சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அல்போன்சம்மா ஒரு பொய் தருகிறாள், இந்தப் பெட்டை ஒரு பொய் தருகிறாள். அன்பாகத்தான் தருகிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் குருக்கள் காப்புக் கட்டலாம். முப்பத்தொரு வருசம் அவர் வேறு என்னத்தைக் கண்டார்? தோட்டமில்லை, உத்தியோகமில்லை, வெளிநாட்டுப் பிள்ளையில்லை. அந்தக் கொடிக்கயிறுதான் அவருடைய சீவியம். ஒரு கையெழுத்துத்தானே என்று நினைத்தாள். வைப்பது என்றே முடிவு செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு விநாயகமூர்த்தி வந்தார். சபைத் தலைவர். இளைப்பாறிய தபாலதிபர், ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் பேசாதவர். வெள்ளை உறைக்குள் தட்டச்சு அடித்த கடிதம் கொண்டுவந்திருந்தார். குருக்கள் விறாந்தையில் தன் கதிரையில் இருந்தார். கொடியேற்றத்துக்கு முதல் நாள் உபவாசம் என்பதால் முகம் காய்ந்து போயிருந்தது. வெளியே கோயில் பக்கத்தில் ஒலிபெருக்கி கட்டி, கலோ கலோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விநாயகமூர்த்தி கடிதத்தை மேசையில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன் மேல் வைத்தார். பேனையையும் எடுத்து வைத்தார். பர்வதவர்த்தினி வாசித்தாள். நாலே நாலு வரி. சபையின் மானத்தைக் காப்பாற்றவென்று எழுதினதாகவே அவளுக்குப் பட்டது. அவர் அவள் முகத்தைப் பார்த்து அதை விளங்கிக்கொண்டார் போல.

“சபைக்காக மட்டும் நான் வரேல்லை ஐயரம்மா,” என்றார். “என்ரை அம்மா நல்லம்மாவைத் தெரியும்தானே. அப்பு செத்த நாளிலை இருந்து நாற்பத்தெட்டு வருசம் மரக்கறி. மச்சம் காய்ச்சின சட்டியிலை அவ தண்ணியும் குடியா. போன வருசம் என்ரை பேத்தியின்ரை சாமத்திய வீட்டிலை உங்கடை சீனி மல்லிகையை ஒண்டு ஒண்டாய் எடுத்துச் சாப்பிட்டவ. அதுக்குப் பிறகு படுத்தவதான், கஞ்சித் தண்ணியும் இறங்கேல்லை. மூண்டாம் நாள் கண்ணை மூடிட்டா.” அவர் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அது உண்மையில்லை எண்டு நீங்கள் எழுதித் தாங்கோ. ஊருக்கு வேண்டாம். எனக்கு எழுதித் தாங்கோ.”

அதிகாரம் பண்ண வந்தவர் என்று நினைத்திருந்தாள், இந்த மனுசன் மடியேந்தி நிற்கிறார். பர்வதவர்த்தினி பேனையை எடுத்துவிட்டாள். ஒரு சாவுக்கும் ஒரு கொடிக்கும் நடுவில் தன் பெயரை எழுதுவதில் என்ன வந்துவிடப்போகிறது? ஆனால் கதிரையில் இருந்த மனுசன் இன்னமும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பேனையைப் பிடித்தபடியே அவர் பக்கம் திரும்பினாள்.

“நாலு நாளாச்சு. ஊரெல்லாம் கேக்குது. நீங்கள் ஒண்டும் கேக்கமாட்டியளோ?”

குருக்கள் அவளைப் பார்த்தார். “நான் கேட்டா நீர் எனக்காகப் பொய் சொல்ல வேண்டி வரும், பர்வதம். அதுதான் கேக்கேல்லை.”

ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பர்வதவர்த்தினி பேனையை மேசையில் வைத்தாள். இந்த நாலு நாளும் அவர் தன்னைத் தண்டிக்கிறார் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்.

“கேளுங்கோ,” என்றாள்.

“வேண்டாம்.”

“இல்லை. இவருக்கு முன்னாலை கேளுங்கோ.”

குருக்கள் கதிரையை விட்டு எழும்பினார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, சங்கற்பம் சொல்லப் போகிறவர் போல நேராக நின்றார். “அந்தத் தூள் என்னெண்டு இப்ப தெரியுமோ?”

“தெரியும்.”

“என்ன?”

“மாட்டெலும்பு. அல்போன்சக்காவைக் கேட்டிட்டு வந்திட்டன். பெட்டியும் என்ரை. கஜனி வைக்கேல்லை.”

விநாயகமூர்த்தி பதறிப்போய், தெரியாமல் செய்ததுதானே, தெரியாது என்று எழுதலாம், வரியை மாத்தலாம், பிராயச்சித்தம் இருக்கிறது என்றார். அவரே அந்த வரியை வாயால் அடுக்கத் தொடங்கிவிட்டார். பர்வதவர்த்தினி தலையை ஆட்டினாள்.

“மாடு எண்டு தெரியாது. ஆனா பாசியில்லை எண்டு என்ரை கைக்குத் தெரியும். கோபுரம் நிக்க வேணுமெண்டு நான் ஒருத்தரையும் கேக்காமல் விட்டனான். தெரியாது எண்டு என்னாலை எழுதேலாது.”

விநாயகமூர்த்தி கடிதத்தை எடுத்தார். அதைக் கிழிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் அப்படியொன்றும் செய்யவில்லை. தபால்காரப் பழக்கம் போல மடிப்பு மடிப்பாக மடித்து, உறைக்குள் போட்டு, உறையைச் சட்டைப் பையில் வைத்தார். படியிறங்கினவர் செருப்பைப் போடாமல் அப்படியே நின்றார்.

“அவ கை நடுங்கும்,” என்றார். “தட்டிலை இருந்து எடுக்க ஏலாமல் போச்சு. நான்தான் அந்தக் கடைசிப் பூவை எடுத்து வாயிலை வைச்சனான்.”

பர்வதவர்த்தினி, என்னை மன்னியுங்கோ என்று சொன்னாள். அவர் காதில் அது விழுந்ததோ தெரியாது. சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார், ஏறி ஓடவில்லை.

குருக்கள் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தார். ஈர வேட்டியோடு நின்றே வாகீசனுக்குத் தானே போன் எடுத்தார். பின்னேர வள்ளத்துக்கே குறிகட்டுவானுக்கு வந்துவிடு, சைக்கிள் ஒன்று அனுப்புகிறேன் என்றார். மருமகன் மறுத்திருக்க வேண்டும், ஏனென்றால் இவர் குரலை உயர்த்தினார். பிறகு நெடுநேரம் கொடிக்கயிற்றின் முடிச்சைப் பற்றியும், சோளகத்துக்குக் கொடிச்சீலை எந்தப் பக்கம் சுற்றும் என்பதைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தார். கொடித்தம்பத்தில் வடக்குப் பக்கத்துக் கப்பி சிக்கும், கொஞ்சம் நெய் தடவு என்றார். போனை வைத்த பிறகுதான் அவருக்குக் கண் கலங்கியது. பர்வதவர்த்தினி அதைக் கண்டாள். மறைக்க அவரும் முயலவில்லை.

தட்டிலிருந்த பெட்டியை அவள் கொண்டுபோய் வளவின் மூலையில் குழி வெட்டித் தாட்டாள். அச்சுகளைக் கழுவி அலுமாரியில் வைத்தாள். சர்மிதாவைக் கொண்டு கஜனிக்கு ஒரேயொரு செய்தி அனுப்பினாள், படத்தில் இருப்பது எல்லாம் உண்மை, ஒன்றையும் வெட்டாதே என்று.

சனிக்கிழமை காலை ஏழரைக்குச் சனம் வெளிவீதி வரைக்கும் நின்றது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் நின்றார்கள். குருக்கள் வருவாரோ மாட்டாரோ என்று கதைத்துக்கொண்டு நின்றவர்கள், அவர் பட்டு வேட்டி இல்லாமல் சாதாரண வேட்டி சால்வையோடு வெளி மண்டபத் தூணருகில் வந்து நிற்கக் கண்டு வாயை மூடிக்கொண்டார்கள். யாரோ வழிவிட்டார்கள், முன்னுக்குப் போகச் சொன்னார்கள். அவர் அங்கேயே நின்றார். பர்வதவர்த்தினி பெண்கள் பக்கம் போகவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே நின்றாள். போ என்று எவரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

உள்ளே வாகீசன் காப்புக் கட்டிக்கொண்டான். முதல் முறையாகக் கொடியேற்றுகிறவன். மந்திரம் ஓரிடத்தில் தடக்கியபோது அடுத்த சொல்லைக் குருக்களின் உதடு சொன்னது, சத்தம் வெளியே வரவில்லை. கொடி பாதியில் ஒரு தரம் நின்று, சனம் மூச்சைப் பிடிக்க, பிறகு ஏறியது. மேளமும் மணியும் ஒன்றாக எழுந்தன. எல்லோரும் கை கூப்பியபோது விநாயகமூர்த்தி மட்டும் கொடியைப் பார்க்கவில்லை. கொடித்தம்பத்தின் அடியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பர்வதவர்த்தினி அவரைப் பார்க்க மனமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தீபம் காட்டி முடிந்து திருநீறு வந்தது. வாகீசன் தட்டோடு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தான். தாய்மாமனுக்கு முன்னால் வந்ததும் அவனுடைய கை அந்தரத்தில் நின்றது. குருக்கள் அவனைப் பார்த்துத் தலையசைத்து வலக்கையை நீட்டினார். நீட்டின கை கவிழ்ந்திருந்தது. பெருவிரலும் மற்ற விரல்களும் திருநீறு கிள்ளிக் கொடுக்கிற பாவனையில் குவிந்திருந்தன. வாகீசனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

பர்வதவர்த்தினி, அவ்வளவு சனத்துக்கு நடுவில், அவருடைய வெறும் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையை மேலே திருப்பினாள்.